சில நேரங்களில் சில மனிதர்கள்: ரெண்டு டிஸ்க் விசிடி, அஞ்சு வெள்ளி

போன டிசம்பர்ல நாலு நாள் விடாம மழை, துணி எதுவும் காயல, வீடு பூரா ஈர வாசன, அலமாரி கதவ எல்லாம் திறந்து வச்சு ஃபேன் போட்டு விட்டிருந்தேன், அப்ப அடித்தட்டுல ஒரு பழைய பிஸ்கட் டின் கையில பட்டுச்சு, திறந்தா உள்ள பூரா விசிடி. கல்யாணமான புதுசுல இங்க சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு மாடிக்கடைல வாங்கினது எல்லாம். அந்தக் கடை இப்ப இல்ல, அந்த எடத்துல போன் கவர் விக்கிறாங்க. அப்பல்லாம் சம்பளம் வந்த ஞாயித்துக்கிழம தெக்கா மார்க்கெட்ல காய்கறி, மீன் வாங்கிட்டு அப்படியே மாடி ஏறி ஒரு படம் வாங்கிட்டு வர்றது வழக்கம். அதுல கீழ அடில கிடந்துச்சு "சில நேரங்களில் சில மனிதர்கள்", ரெண்டு டிஸ்க், அட்டைல அஞ்சு வெள்ளி, அதாவது அஞ்சு டாலர்னு ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருக்கு. இத கடைக்காரர் பக்திப் பட வரிசைல செருகி வச்சிருந்தார்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எங்க வைக்கிறதுன்னு அவருக்கும் தெரியல போல.

இந்தப் படத்த பத்தி யாராவது எழுதுவாங்களான்னு பாத்துட்டே இருந்தேன், யாரும் எழுதற மாதிரி தெரியல, சரி நாமளே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். பேர போட்டு தேடினா முதல்ல வர்றது 2022ல வந்த அசோக் செல்வன் படம். அது வேற கதை, அந்தப் படத்து மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, ஆனா பேரு ஒண்ணா இருக்கறதால பழசு இன்னும் கீழ போயிடுச்சு. நான் சொல்றது 1977ல வந்தது. கறுப்பு வெள்ளை. ஏ. பீம்சிங் இயக்கம், ஜெயகாந்தன் நாவல், திரைக்கதை வசனமும் அவரே, எம்.எஸ். விஸ்வநாதன் இசை. லட்சுமிக்கு இந்தப் படத்துக்குத்தான் தேசிய விருது கிடைச்சுது, ஒரு தமிழ் படத்துக்காக சிறந்த நடிகை விருத முதல்ல வாங்கினவங்க அவங்கதான். நாவலுக்கு 1972லயே சாகித்ய அகாடமி விருது. இவ்ளோ இருந்தும் எங்க ஆபீஸ்ல லட்சுமின்னு சொன்னா பாட்டி வேஷத்துல பாத்தத சொல்றாங்க, இத பாத்தவங்க ஒருத்தர் கூட இல்ல. அதே வருஷம் பதினாறு வயதினிலே வந்துச்சு, எல்லாரும் வயலுக்கும் ஆத்தங்கரைக்கும் கலர் படத்துக்கும் போயிட்டாங்க, நாலு சுவத்துக்குள்ள உக்காந்து பேசற இந்தப் படம் பின்னால நின்னுடுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல டிஸ்க்க பத்தி சொல்லிடறேன், வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு அதுதான வேணும். பிரிண்ட் சுமார். படம் பூரா மழை பெஞ்ச மாதிரி கோடு, முதல் பத்து நிமிஷம் நிஜ மழை எது கோடு எதுன்னு பிரிச்சு பாக்கணும். ஓரத்துல கம்பெனி பேரு ஓடிட்டே இருக்கும். சத்தம் பரவாயில்ல, வசனம் ஒரு வார்த்த விடாம காதுல விழுது, இந்தப் படத்துக்கு அதுதான் உசுரு. சப்டைட்டில் கிடையாது. ரெண்டாவது டிஸ்க்ல நடுவுல ஒரு எட்டு நிமிஷம் சிக்கிக்கும், துணியால தொடச்சாலும் சரி, வேற பிளேயர்ல போட்டாலும் சரி, அதே எடத்துல நிக்கும், அப்புறம் தானா தாவி ஓடும். வீட்ல விசிடி ஓடற சாமான் எதுவும் இல்லாததால காரோசெல்னு பழைய சாமான் விக்கற ஆப்ல இருவது வெள்ளிக்கு ஒரு பழைய பிளேயர் வாங்கினேன், செவப்பு வெள்ள மஞ்சள் ஒயர் மூணும் குத்தற டிவி எங்க வீட்ல இல்ல, அதுக்கு ஒரு சின்ன டப்பா தனியா வாங்கணும். ஆக அஞ்சு வெள்ளி படத்த பாக்க முப்பது வெள்ளிக்கு மேல ஆச்சு. குடுத்த ஒவ்வொரு காசுக்கும் தகும், அத மொதல்லயே சொல்லிடறேன்.

இப்ப கதை. ஆனா இந்தப் படத்து கதைய நேரா சொல்ல முடியாது, அதுக்கு முன்னால ஒரு சிறுகதை இருக்கு, அதுல இருந்துதான் தொடங்கணும். 1966ல ஆனந்த விகடன்ல ஜெயகாந்தன் "அக்கினிப் பிரவேசம்"னு ஒண்ணு எழுதினார். காலேஜ் படிக்கற பொண்ணு, பஸ் ஸ்டாப், கொட்டற மழை, பெரிய கார் ஒண்ணு வந்து நிக்குது, ஏறுன்னு சொல்றான், ஏறிடறா. கார்ல நடக்கக்கூடாதது நடந்துடுது. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அழுதுட்டே சொல்றா. அந்த அம்மா ஒரு விதவை, பல குடும்பம் ஒண்ணா இருக்கற வீட்ல ஒரு போர்ஷன்ல இருக்கறவங்க. கோவத்துல ரெண்டு அடி வைக்கறாங்க, சத்தம் கேட்டு மத்தவங்க என்னன்னு கேக்கறப்ப சுதாரிச்சுக்கறாங்க, இப்படி மழைல நனைஞ்சுட்டு வந்திருக்காளேன்னு சொல்லி சமாளிக்கறாங்க. அப்புறம் பொண்ண உள்ள கூட்டிட்டு போய் தலையோட தண்ணி ஊத்தறாங்க. ஊத்தி, நீ சுத்தம் ஆயிட்ட, மனசுல ஒண்ணும் வச்சுக்காதன்னு சொல்லி விஷயத்த அங்கயே முடிக்கறாங்க. அவ்ளோதான் கதை. அந்தக் காலத்துல இதுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு, ஒரு அம்மா எப்படி இப்படி பண்ணலாம்னு.

ஜெயகாந்தன் அந்த சண்டைக்கு பதில் கட்டுரையா எழுதி முடிச்சுக்கல, ஒரு நாவலே எழுதிட்டார். சரி, அந்த அம்மா தண்ணி ஊத்தலன்னு வச்சுக்கோங்க, ஐயோன்னு வாய்விட்டு கத்திட்டாங்கன்னு வச்சுக்கோங்க, அந்தப் பொண்ணு என்ன ஆவா? இதுதான் நாவல், இதுதான் படம். அதே மழை, அதே கார், அதே பொண்ணு, பேரு கங்கா. வீட்டுக்கு வந்து சொல்றா, அம்மா கத்திடறாங்க, அக்கம்பக்கம் பூரா தெரிஞ்சுடுது, அண்ணன் வீட்ட விட்டு வெளிய தள்ளிடறான். தஞ்சாவூர் வக்கீல் மாமா ஒருத்தர் ஆதரவு குடுக்கறார், படிக்க வைக்கறார், ஆனா அவர் பார்வையே சரியில்ல. பன்னெண்டு வருஷம் கழிச்சு கங்கா பெரிய வேலைல இருக்கா, கை நிறைய சம்பளம், கல்யாணம் கிடையாது, அம்மா கூடவே இருக்காங்க, ரெண்டு பேரும் ஒரே வீட்ல பேசாம பேசிட்டு வாழறாங்க.

அப்ப ஒரு பத்திரிகைல ஒரு கதை வருது. எழுதினவர் பேரு ஆர்.கே.வி. அந்தக் கதைல ஒரு அம்மா தண்ணி ஊத்தறாங்க. ஆமா, ஜெயகாந்தன் தன்னோட சிறுகதையவே தன்னோட நாவலுக்குள்ள இன்னொரு எழுத்தாளர் எழுதினதா கொண்டு வந்து வச்சுட்டார். கங்காவோட அம்மா அதப் படிக்கறாங்க. நாம இப்படி பண்ணியிருக்கலாமேன்னு அப்பதான் அந்த அம்மாவுக்கு தோணுது. அம்மாவா நடிச்ச சுந்தரிபாய் அந்த எடத்துல பண்றத பாக்கணும். வேற படத்துல எல்லாம் பட்டாசு மாதிரி பேசறவங்க, இதுல அந்த கத்தல் ஒண்ண தவிர மிச்ச படம் பூரா கொரல உள்ள இழுத்து வச்சுட்டே இருக்காங்க, அந்த ஒரு நாள் கத்தினதுக்கு மிச்ச நாள் எல்லாம் வாய கட்டிட்டு இருக்கற மாதிரி. இந்தப் படத்துல யாரு கங்காவ கெடுத்ததுன்னு கேட்டா எல்லாரும் கார் வச்சிருந்த பிரபுவ சொல்வாங்க, சரிதான், ஆனா அவளோட பன்னெண்டு வருஷத்த எடுத்துக்கிட்டது அந்த ஒரு கத்தல். எனக்கு இந்தப் படம் அந்த கத்தல பத்தின படம். மத்தது எல்லாம் அதுக்கப்புறம்.

ஒரு விஷயம், சிறுகதைல கார்ல வந்தவன் அந்தப் பொண்ணுக்கு சூயிங்கம் குடுப்பான். வீட்டுக்கு வந்தப்புறமும் அவ வாயில அது இருக்கும், அம்மா துப்ப சொல்வாங்க. இத என் மகளுக்கு சொன்னப்ப அவளுக்கு அது சுத்தமா புரியல, 1992ல இங்க சூயிங்கம் தடை வந்துச்சு, அவ பொறந்தது அதுக்கு ரொம்ப பின்னால, மலேசியா பக்கம் ஜோகூர் போனா ஏதோ பாத்திருப்பா, வாயில ரொம்ப நேரம் ஒரு சாமான் ருசி போயும் ஒட்டிக்கிட்டே இருக்கறது எப்படி இருக்கும்னு அவளுக்கு தெரியாது. நான் சின்ன வயசுல மென்னிருக்கேன், ஸ்கூல் மேசைக்கு அடில ஒட்டியும் வச்சிருக்கேன், அதனால அந்த வரிய படிச்சப்ப எனக்கு தொண்டைல என்னமோ பண்ணுச்சு.

லட்சுமிய பத்தி சொல்லணும்னா நாள் பத்தாது. ஒரே படத்துல காலேஜ் பொண்ணாவும் வர்றாங்க, கிட்டத்தட்ட முப்பது வயசு ஆபீசராவும் வர்றாங்க, ரெண்டுக்கும் நடுவுல மேக்கப்புல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல, நடக்கறது, உக்கார்றது, பேசறதுல தான் வயச காட்டறாங்க. சின்னப் பொண்ணா வர்றப்ப புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சுட்டு தோள குறுக்கிட்டு நிப்பாங்க, பெரியவளா வர்றப்ப தோள் நிமிந்திருக்கும் ஆனா கழுத்து மட்டும் வெறைப்பா இருக்கும், யாராவது பின்னால இருந்து கூப்பிட்டா சட்டுன்னு திரும்ப மாட்டாங்க. நான் தினமும் காலைல ஈஷூன்ல இருந்து ரயில்ல வர்றேன், அந்தக் கழுத்த எத்தனையோ பொண்ணுங்ககிட்ட பாத்திருக்கேன். நாவல்ல கங்கா பஸ் கூட்டத்துல உரசற ஆம்பளைங்கள பத்தி யோசிக்கற பக்கங்கள் இருக்கு, படத்துல அத அவ்வளவு விரிவா சொல்ல முடியல, ஆனா லட்சுமி கழுத்து அந்தப் பக்கங்களை எல்லாம் சொல்லிடுது.

மாமா வெங்கட்ராமய்யரா ஒய்.ஜி. பார்த்தசாரதி. இவர் மாதிரி ஒரு ஆள நம்ம குடும்பங்கள்ல பாக்காதவங்க இருக்க முடியாது. உதவி பண்ணுவார், ஃபீஸ் கட்டுவார், நியாயம் பேசுவார், ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கலந்து கட்டி விளாசுவார், எல்லாரும் அவர் காலடில இருக்கணும். இவர்தான் கங்காவ பாத்து, நீ ஒருத்தனுக்கு வைப்பாட்டியா இருக்கலாமே தவிர பொண்டாட்டியா ஆக முடியாதுங்கற மாதிரி பேசறது, அவ்ளோ கெட்டிக்காரியா இருந்தா அன்னைக்கு கெடுத்தவன தேடி கண்டுபிடின்னு சவால் விடறது. அவ நிஜமாவே தேடிப் போயிடறா. வில்லன்னா கத்தணும் சிரிக்கணும்னு ஒண்ணும் இல்ல, இவர் சாய்வா உக்காந்துட்டே பேசறார், எனக்கு வேர்த்துடுச்சு.

நாகேஷ் தான் ஆர்.கே.வி. சிரிக்க வைக்க ஒரு வசனம் கூட கிடையாது அவருக்கு. ஜெயகாந்தன் 1966ல தானே இயக்கின "யாருக்காக அழுதான்"லயும் நாகேஷ இப்படித்தான் பயன்படுத்தினார், அந்த நம்பிக்க இதுலயும் தெரியுது. ஒரு எழுத்தாளன் தான் பாத்த ஒரு பொண்ணோட வாழ்க்கைய எடுத்து கதையா போட்டுட்டு, அந்தப் பொண்ணே நேர்ல வந்து நிக்கறப்ப என்ன மூஞ்சிய வச்சுப்பான்? நாகேஷ் அந்த மூஞ்சிய வச்சிருக்கார். எம்எஸ்வி குரல்ல "கண்டதைச் சொல்லுகிறேன்" பாட்டு இந்தப் படத்துலதான், எழுதினது ஜெயகாந்தனே. இன்னொரு பாட்டு வாணி ஜெயராம் பாடின "வேறு இடம் தேடிப் போவாளோ", அதையும் அவர்தான் எழுதினார். ரெண்டே பாட்டு போதும் இந்தப் படத்துக்கு, வாணி ஜெயராம் பாட்ட நான் ரெண்டு தடவ திருப்பி போட்டு கேட்டேன், அதுக்கு மேல ராத்திரி கேக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டேன்.

பிரபுவா ஸ்ரீகாந்த். "வெண்ணிற ஆடை"ல கதாநாயகனா வந்தவர், அப்புறம் "தங்கப்பதக்கம்"ல சிவாஜிக்கு கெட்ட புள்ளையா வந்தவர், அதுக்கப்புறம் அவர திரைல பாத்தாலே ஜனங்க முறைக்கற மாதிரி ஆயிடுச்சு. இங்க பிரபு பணக்கார வீட்டு ஆள், குடி, சீட்டு, மனைவி மதிக்கறதில்ல, மகள் மஞ்சுவுக்கு அப்பான்னா ஒரு இதுதான். அன்னைக்கு ராத்திரி நடந்தது அவனுக்கு ஒழுங்கா ஞாபகம் கூட இல்ல. ஒரு பக்கம் ஒருத்தியோட வாழ்க்கையே நின்னு போச்சு, இன்னொரு பக்கம் அவனுக்கு அது நூறுல ஒண்ணு. ஸ்ரீகாந்த் அத மழுப்பாம பண்ணியிருக்கார், வெக்கப்படறப்ப கூட கொஞ்சம் சோம்பலா வெக்கப்படறார்.

எனக்கு ஆச்சரியம் பீம்சிங்தான். பாகப்பிரிவினை, பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், இதெல்லாம் எடுத்தவர். எங்க வீட்ல பாசமலர் டிவில வந்தா அப்பா கண்ண தொடச்சுக்க பாத்ரூம் போயிடுவார். அழ வைக்கறது எப்படின்னு கரச்சு குடிச்ச மனுஷன், இந்தப் படத்துல அழுகைய தொடவே இல்ல. அழுதா தேவலன்னு நமக்கு தோணற எடத்துல எல்லாம் கேமரா அப்படியே நின்னுட்டு இருக்கும், ரெண்டு பேரு பேசிட்டே இருப்பாங்க. ஜெயகாந்தன் வார்த்தைங்க மேல அவருக்கு இருந்த மரியாதையா, இல்ல அந்த வயசுல வந்த நிதானமா தெரியல. 1978 ஜனவரில அவர் போயிட்டார். அதுக்கப்புறம் ஜெயகாந்தன், லட்சுமி, ஸ்ரீகாந்த் கூட்டணில அவர் எடுத்த "ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்" வந்துச்சு, அதுவும் நாவல்தான், அதுவும் இதே மாதிரி மறந்து போச்சு, அத பத்தி தனியா ஒரு நாள் எழுதணும்.

குறை இல்லாம இல்ல. பாதிப் படம் நாடக மேடை மாதிரிதான் இருக்கு, ஆளுங்க சோபாவுல உக்காந்து வாதம் பண்றாங்க. பின்னணி இசை சில எடத்துல தேவையில்லாம பதறுது, அந்தக் காலத்து பழக்கம். பிராமண வீட்டு பேச்சு வேகமா போறதால என் மகளுக்கு பாதி புரியல, நான் நிறுத்தி நிறுத்தி சொல்ல வேண்டியிருந்துச்சு. இது எல்லாத்தையும் விட பெருசு, பிரபு மேல படம் கொஞ்சம் ஜாஸ்தியாவே இரக்கப்படுது.

என் மகளுக்கு இருவத்தி மூணு வயசு, பாலிடெக்னிக் முடிச்சு வேலைக்கு போறா, தமிழ் ஓ லெவல் பரீட்சை வரைக்கும் எடுத்தா, வீட்ல என்கூட தமிழ், தம்பிகூட ஆங்கிலம். முதல் டிஸ்க் முடிஞ்சதும் கேட்டா, "ஏம்மா, யாருமே அவன போலீஸ்ல சொல்லணும்னு நினைக்கல?" அடுத்து கேட்டா, "இவ ஏன் போய் அவன்கூட ஃப்ரெண்டா இருக்கா? எனக்கு பாக்கவே முடியலம்மா." எனக்கு உடனே பதில் வரல. அவ சொல்றது நியாயம். கார்ல நடந்தது என்னன்னு சிறுகதையும் சரி படமும் சரி அதுக்கு உண்டான பேர வச்சு சொல்லல, ஏதோ விபத்து மாதிரி, சந்தர்ப்பம் மாதிரி தாண்டிப் போகுது. இன்னைக்கு ஒரு பொண்ணுக்கு அது தொண்டைல முள்ளா குத்தத்தான் செய்யும். குத்தணும்.

ஆனா ரெண்டாவது கேள்விய நான் நாலு நாள் மனசுல போட்டு உருட்டினேன், பாத்திரம் கழுவறப்ப, ரயில்ல நிக்கறப்ப. கங்கா அவன காதலிக்கறான்னு எனக்கு தோணல, எப்ப பாத்தாலும் தோணினது இல்ல. அவள சுத்தி இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் அவ எதையாவது மறச்சு வச்சுதான் பேசணும். ஆபீஸ்ல கல்யாணம் ஏன் ஆகலன்னு கேக்கறவங்க, அண்ணன், அண்ணி, வரன் பாத்துட்டு வர்றவங்க, மாமாகிட்ட மூச்ச கூட மறைக்கணும், அம்மாகிட்ட அந்த கத்தலுக்கு இன்னும் கோவம் இருக்குன்னு மறைக்கணும். உலகத்துல ஒரே ஒரு ஆளுகிட்ட மட்டும்தான் அவ எதையும் மறைக்க வேண்டியதில்ல, அவன்தான் எல்லாத்தையும் பண்ணினவன். இத விட பெரிய கொடும என்ன இருக்கு? ஜெயகாந்தன் இத வசனமா சொல்லல, ஆனா லட்சுமி பிரபு முன்னால உக்கார்றப்ப மட்டும் அந்தக் கழுத்து எளகுது பாருங்க. இத மகள்கிட்ட சொன்னேன், "அதுதாம்மா இன்னும் மோசம்"னு சொன்னா. சரின்னுட்டேன். ரெண்டு பேரும் சரிதான்.

முடிவ சொல்ல மாட்டேன், பாக்காதவங்க பாருங்க. நாவலோட முடிவு கசப்பு, அதுக்கப்புறமும் மனசு ஆறாம ஜெயகாந்தன் "கங்கை எங்கே போகிறாள்"னு தொடர்ச்சியும் எழுதினார். படம் பாக்கறதுக்கு முன்னால நாவலா, அப்புறம் நாவலான்னு கேட்டா, முதல்ல அந்த சிறுகதை, அது ஒரு மணி நேரம் கூட ஆகாது, அப்புறம் படம், அப்புறம் நாவல். நாவல்ல கங்கா தானே தன் கதைய பேசறா, அவ மனசுக்குள்ள உக்காந்துக்கிட்டு நானூறு பக்கம் போறது ஒரு தனி அனுபவம், படம் அதுல பாதிதான் குடுக்குது. விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல தமிழ் அலமாரில ஜெயகாந்தன் வரிசையா இருப்பார், பக்கத்து நூலகத்துக்கே வரவழைச்சும் எடுக்கலாம், காசு ரொம்ப ஆகாது. நான் அப்படித்தான் எடுத்தேன்.

இப்ப ஏன் இந்தப் படம் எனக்கு இவ்வளவுன்னு சொல்லணும். 1987ல எனக்கு பதினேழு வயசு. ஒரு தோழியோட அக்கா கல்யாணம், ராத்திரி லேட்டாயிடுச்சு, செம மழை, பஸ் போயிடுச்சு, கல்யாணத்துக்கு வந்திருந்த யாரோ ஒருத்தர் தன் கார்ல எங்க புளோக் கீழ வரைக்கும் கொண்டு வந்து விட்டார். நல்ல மனுஷன், வழி பூரா ஒரு வார்த்த பேசல. ஆனா நான் இறங்கறப்ப மணி பன்னெண்டு, தனியா, தெரியாத கார்ல இருந்து. காரிடார்ல எங்க அம்மா கிரில் கேட்ட பிடிச்சுட்டு நிக்கறாங்க, பக்கத்து வீட்டு லைட்டு எரியுது, எதுத்த வீட்டு கதவு லேசா திறந்திருக்கு. எனக்கு கால் நடுங்குது. அம்மா சத்தமே போடல. "மாமா கொண்டாந்து விட்டுட்டாரா, சரி உள்ள வா, தல துவட்டு"ன்னு, காரிடாருக்கு கேக்கற மாதிரி சொன்னாங்க. எனக்கு சிங்கப்பூர்ல மாமான்னு ஒருத்தர் கிடையாது. உள்ள போனதும் துண்டு குடுத்தாங்க, மைலோ கலக்கி குடுத்தாங்க, மறுநாள் பயத்தங்கா நறுக்கிட்டே, "யாரு காரு?"ன்னு கேட்டாங்க, சொன்னேன். அதோட சரி.

அம்மா ஆறாவது வரைக்கும்தான் படிச்சாங்க, ஆனா கீழ் வீட்ல இருந்த தமிழ் வாத்தியார் ஒருத்தர் பத்திரிகைல வந்த கதைங்கள கிழிச்சு தைச்சு பைண்ட் பண்ணி வச்சிருப்பார், அத வாங்கி படிப்பாங்க. பல வருஷம் கழிச்சு இந்த விசிடி வாங்கிட்டு வந்து பாத்து, அப்புறம் அந்த சிறுகதைய தேடி படிச்சப்ப, மழைல நனைஞ்சுட்டு வந்தான்னு அந்த அம்மா அக்கம்பக்கத்துக்கு சொல்ற எடம் வந்துச்சு. புஸ்தகத்த மூடி வச்சுட்டேன் கொஞ்ச நேரம். அம்மாகிட்ட இத பத்தி நான் கேட்டதே இல்ல.

ஜனவரில பிளேயர தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு போனேன், மகளும் வந்தா. அம்மாவுக்கு எழுவத்தெட்டு, கண்ணு ஒண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு, டிவிக்கு பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. மழை சீன், கார் சீன் எல்லாம் பேசாம பாத்தாங்க. கங்கா வீட்டுக்குள்ள வர்றா, அம்மாகிட்ட சொல்றா, சுந்தரிபாய் வாய திறக்கறாங்க, அப்ப எங்க அம்மா நாற்காலி கைய பிடிச்சுட்டு முன்னால வந்து, டிவிய பாத்து, "கத்தாதடி, உள்ள கூட்டிட்டுப் போ, உள்ள கூட்டிட்டுப் போடி"ன்னு சொன்னாங்க. மகள் என்ன பாத்தா. நான் டிவியவே பாத்துட்டு இருந்தேன்.

ரெண்டாவது டிஸ்க்ல அந்த எட்டு நிமிஷம் வந்துச்சு, வழக்கம் போல நின்னுடுச்சு. நான் எழுந்து போய் தட்டிட்டு இருந்தேன். "விடு, அது ஓடாது, நான் சொல்றேன்"னு அம்மா பேத்திய பக்கத்துல உக்காத்தி வச்சு, பிரபு பொண்ணு மஞ்சுவ பத்தி, அந்தப் பொண்ணுக்கும் தனக்கு நடந்த மாதிரி நடந்துடக்கூடாதேன்னு கங்கா பயப்படறத பத்தி, நாவல்ல இருந்தபடியே சொல்ல ஆரம்பிச்சாங்க. நாப்பத்தஞ்சு வருஷம் முன்னால படிச்சது. படம் தானா தாவி அடுத்த சீனுக்கு ஓட ஆரம்பிச்சுடுச்சு, ரெண்டு பேரும் அத கவனிக்கல, நான் சத்தத்த கொறச்சு வச்சேன். பிளேயர் இப்பவும் அங்கதான் இருக்கு, மகள் போன வாரம் அந்த நாவல தன் பேர்ல எடுத்திருக்கா, பாட்டி வீட்ல வச்சுதான் படிக்கறா.